விருச்சிகத்தில் வெடிக்கும் நட்சத்திரம்: 1863-ல் சென்னையில் சிக்கியது, அடுத்த முறை மதுரை வானத்தில் சிக்குமா?

1863-ம் ஆண்டு மே 20-ம் தேதி. சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகத்தில், நார்மன் போக்சன் என்ற ஆங்கிலேய வானியலாளர் விருச்சிக ராசிப் பக்கம் தொலைநோக்கியைத் திருப்பினார். வழக்கமாக அங்கே இல்லாத ஒரு நட்சத்திரம் கண்ணில் பட்டது. சில நாட்களிலேயே அது மங்கிக் காணாமல் போனது.

இன்று அதன் பெயர் யு ஸ்கார்ப்பி. செத்துப்போன ஒரு நட்சத்திரம், பக்கத்தில் இருக்கும் உயிருள்ள நட்சத்திரத்திடமிருந்து வாயுவை உறிஞ்சி உறிஞ்சி, வயிறு நிறைந்ததும் வெடிக்கிறது. வெடித்தாலும் அழிவதில்லை. மறுபடியும் உறிஞ்சத் தொடங்குகிறது.

உறுதியாகப் பதிவான வெடிப்புகள் மொத்தம் 11. 1863, 1906, 1917, 1936, 1945, 1969, 1979, 1987, 1999, 2010, 2022. கடைசி சில வெடிப்புகளுக்கு இடையிலான இடைவெளி 8 முதல் 12 ஆண்டுகள். அந்தக் கணக்குப்படி அடுத்தது 2030-களின் தொடக்கத்தில். அதற்கு முன்பே வரவும் வாய்ப்பு உண்டு. காரணத்தைப் பின்னால் பார்ப்போம்.

உலகம் முழுக்க ராட்சத கேமராக்கள் இரவெல்லாம் வானத்தைப் படமெடுக்கிற காலம் இது. அப்படியிருந்தும் இந்த நட்சத்திரத்தின் 2010, 2022 வெடிப்புகளை முதலில் பார்த்தவர்கள், வீட்டில் தொலைநோக்கி வைத்திருந்த சாதாரண ஆட்கள்தான். இது எப்படி? மதுரை மாதிரி ஊருக்கு இதில் என்ன வேலை?

முதலில், வெண் குறுமீன் என்றால் என்ன?

சூரியன் மாதிரியான ஒரு நட்சத்திரம் தன் எரிபொருளைத் தீர்த்துவிட்டால், வெளி அடுக்குகளை ஊதித் தள்ளிவிடும். மிஞ்சுவது நடுவில் இருக்கும் கரு மட்டும். அதுதான் வெண் குறுமீன், அதாவது வெள்ளைக் குள்ள நட்சத்திரம். ஏறக்குறைய பூமி அளவுதான் இருக்கும். ஆனால் எடை சூரியனுக்குப் பக்கத்தில் வரும். ஒரு டீஸ்பூன் எடுத்தால் சில டன் கனம். நம் சூரியனும் சுமார் 500 கோடி ஆண்டு கழித்து இந்த நிலைக்குத்தான் வரப்போகிறது.

தனியாகக் கிடந்தால் வெண் குறுமீன் சாதுவானது. கோடிக்கணக்கான ஆண்டுகள் மெல்ல மெல்ல ஆறிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். ஆனால் நட்சத்திரங்களில் ஏராளமானவை ஜோடியாகப் பிறக்கின்றன. அந்த ஜோடியில் ஒன்று முதலில் செத்து வெண் குறுமீன் ஆகி, இரண்டும் மிக நெருக்கமாகச் சுற்றத் தொடங்கினால் கதை மாறுகிறது. வெண் குறுமீனின் ஈர்ப்பு, பக்கத்து நட்சத்திரத்தின் மேல்தோலை இழுக்கிறது. இழுபட்ட வாயு நேராகப் போய் விழுவதில்லை. சுழன்று சுழன்று ஒரு தட்டு மாதிரி சேர்கிறது.

இங்கிருந்து இரண்டு விதமான கூத்து நடக்கலாம்.

முதல் விதம், மதுரைப் பக்கத்துக் கண்மாய் மாதிரி. கண்மாயில் தண்ணீர் சேர்ந்துகொண்டே இருக்கும், கரையில் ஒன்றும் தெரியாது. ஒரு மட்டத்தைத் தாண்டியதும் மறுகால் பாயும். அதுபோல அந்தத் தட்டில் வாயு சேர்ந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் சூடேறி மொத்தமாகச் சரிந்து வெண் குறுமீன் மேல் பாய்கிறது. அப்போது தட்டு பளிச்சென்று ஒளிரும். சில நாள், சில வாரம். பிறகு பழைய நிலை. இதற்குக் குறு நோவா என்று பெயர். இதில் வெடிப்பு எதுவும் இல்லை, தட்டு மட்டும்தான் ஒளிர்கிறது.

இரண்டாவது விதம், அடுப்பில் வைத்த பால். வெண் குறுமீனின் மேற்பரப்பில் ஹைட்ரஜன் அடுக்கு அடுக்காகப் படிந்து, அடியில் அழுத்தமும் வெப்பமும் ஏறி, ஒரே நேரத்தில் அணுக்கரு இணைவு பற்றிக்கொள்கிறது. பால் பொங்கி வழிகிறது, பாத்திரம் அப்படியே இருக்கிறது. இதுதான் நோவா. பெரும்பாலான நோவாக்கள் மறுபடி பொங்க ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். மனித ஆயுளுக்குள் திரும்பத் திரும்பப் பொங்குபவை நம் பால்வீதியில் பத்தே பத்துதான் இதுவரை உறுதியாகியிருக்கின்றன. போக்சன் கண்ணில் பட்டது அதில் ஒன்று.

ஏன் இவ்வளவு சீக்கிரம் பொங்குகிறது?

இங்கேதான் இன்னொரு சென்னைக்காரர் வருகிறார். 1930 ஜூலை 31-ம் தேதி பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த 19 வயது சந்திரசேகர். பயணத்தின்போது அவர் போட்ட கணக்கின் சாரம் இது: வெண் குறுமீனின் எடைக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. இன்றைய மதிப்பில் அது சூரியனின் எடையைப் போல சுமார் 1.4 மடங்கு. அதைத் தாண்டினால் அந்த நட்சத்திரத்தால் தன்னைத் தாங்கிக்கொள்ள முடியாது. 1935-ல் லண்டன் கூட்டத்தில் எடிங்டன் இதை எல்லோர் முன்னிலையிலும் மறுத்துப் பேசினார். 1983-ல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

யு ஸ்கார்ப்பியின் வெண் குறுமீன் அந்த வரம்புக்கு மிக அருகில் நிற்கிறது. சூரியனைப் போல் சுமார் 1.37 மடங்கு என்கின்றன சில கணக்கீடுகள். எடை கூடக் கூட வெண் குறுமீனின் உருவம் சுருங்கும், ஈர்ப்பு கடுமையாகும். அதனால் கொஞ்சம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். பத்தாண்டுக்கு ஒருமுறை இது பொங்குவதற்குக் காரணம் இதுதான்.

ஆக, சென்னையிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட ஒரு நட்சத்திரம், சென்னையில் படித்த ஒருவர் வகுத்த எல்லைக்கோட்டில் போய் நிற்கிறது. யாரும் திட்டமிட்டு அமைத்த பொருத்தம் இல்லை. ஆனால் தமிழ்நாட்டுப் பாடப்புத்தகங்களில் சந்திரசேகருக்குக் கிடைத்த இடத்தில் கால்வாசிகூட இந்த நட்சத்திரத்துக்குக் கிடைக்கவில்லை என்பது கொஞ்சம் வருத்தம்தான்.

வரம்பைத் தாண்டிவிட்டால் என்ன ஆகும்? வெண் குறுமீன் கார்பனும் ஆக்சிஜனும் கலந்தது என்றால், முழு நட்சத்திரமும் ஒரே வெடிப்பில் சிதறும். அது ஒன்று ஏ வகை சூப்பர் நோவா. இந்த வகை வெடிப்புகளின் பிரகாசத்தை வைத்துத்தான் பிரபஞ்சம் வேகமெடுத்து விரிகிறது என்று 1998-ல் தெரிந்தது. 2011-ல் அதற்கு நோபல் கிடைத்தது. ஆனால் எந்த மாதிரி ஜோடி இப்படி வெடிக்கிறது என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. யு ஸ்கார்ப்பி மாதிரி உறிஞ்சி உறிஞ்சிக் கொழுப்பவையா, இல்லை இரண்டு வெண் குறுமீன்கள் ஒன்றோடொன்று மோதுவதா?

யு ஸ்கார்ப்பி விஷயத்திலேயே இரண்டு கட்சி உண்டு. ஒவ்வொரு வெடிப்புக்குப் பிறகும் கொஞ்சம் எடை மிஞ்சுகிறது, எனவே ஒருநாள் வரம்பைத் தொடும் என்பது ஒரு கட்சி. சேர்த்ததைவிட அதிகமாகவே ஒவ்வொரு முறையும் ஊதித் தள்ளிவிடுகிறது, எனவே தொடாது என்பது இன்னொரு கட்சி. இந்த இரண்டும் ஒன்றையொன்று 1.23 நாளுக்கு ஒருமுறை சுற்றுகின்றன. வெடிப்புக்கு முன்னும் பின்னும் அந்தச் சுற்றுக் காலம் எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்தால், வெளியே போன எடையைக் கணக்கிடலாம். அதனால்தான் ஒவ்வொரு வெடிப்பும் முக்கியம். ஒன்றைத் தவறவிட்டால் பத்தாண்டு காத்திருக்க வேண்டும்.

கண்டுபிடிப்பது எப்படி?

ஒருமுறை பார்த்தால் இந்த ஜோடிகள் தெரியாது. பெரும்பாலான நேரம் இவை மங்கலான ஒரு புள்ளி, மற்ற லட்சக்கணக்கான புள்ளிகளைப் போலவே. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து, நேற்றைய படத்தோடு இன்றைய படத்தை ஒப்பிட வேண்டும். போக்சன் இதைக் கண்ணாலும் கையால் வரைந்த வரைபடங்களாலும் செய்தார். நட்சத்திரங்களின் பிரகாசத்தை அளக்க இன்றும் பயன்படும் அளவுகோல்கூட அவர் 1856-ல் வகுத்ததுதான். அதன்படி 5 படி வித்தியாசம் என்றால் பிரகாசத்தில் 100 மடங்கு. யு ஸ்கார்ப்பி சாதாரணமாக 18-ம் படியில் கிடக்கும். வெடித்தால் 7.5 வரை வரும். பத்துப் படிக்கு மேல், அதாவது பத்தாயிரம் மடங்குக்கு மேல்.

அவரோடு அதே ஆய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1867-ல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறும் நட்சத்திரத்தைக் கண்டறிந்தவர் இவர். அது வெண் குறுமீன் ஜோடி அல்ல, துடிக்கும் ஒரு பெரிய சிவப்பு நட்சத்திரம். ஆனால் முறை ஒன்றுதான்: பார், குறித்துவை, மறுபடி பார். 1874-ல் வெள்ளி கிரகம் சூரியனைக் கடந்தபோது, அது என்ன ஏது என்று சாதாரண மக்களுக்குப் புரியும்படி இவர் எழுதிய சிறு புத்தகம் இந்திய மொழிகளிலும் வந்தது. இன்றைக்கு இருந்திருந்தால் யூடியூப் சேனல் வைத்திருப்பார்.

இன்று அந்த வேலையை கேமராக்கள் செய்கின்றன. அமெரிக்காவின் பாலோமர் மலையில் இருக்கும் சுவிக்கி ஆய்வுத் திட்டம் 2018 முதல் வடக்கு வானத்தைச் சில இரவுகளுக்கு ஒருமுறை முழுதாக அலசுகிறது. அதன் ஒரே ஒரு படத்துக்குள் 200 முழு நிலாக்களுக்கு மேல் அடுக்கலாம். இந்தத் திட்டத்தை உருவாக்கி நடத்தியவர் மகாராஷ்டிராவில் பிறந்த ஸ்ரீநிவாஸ் குல்கர்னி. சிலியில் இருக்கும் வேரா ரூபின் ஆய்வகம் 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்டது. 8.4 மீட்டர் கண்ணாடி, 3,200 மெகாபிக்சல் கேமரா. தெற்கு வானத்தைச் சில இரவுகளுக்கு ஒருமுறை என பத்தாண்டு படமெடுப்பது திட்டம். ஏதாவது ஒரு புள்ளி மாறினால் உடனே எச்சரிக்கை போகும். ஒரே இரவில் அது ஒரு கோடி வரை போகலாம் என்பது திட்டமிட்டவர்களின் கணிப்பு.

அந்தக் குவியலில் எது வெண் குறுமீன் ஜோடி என்று பிரிப்பதுதான் நிஜமான வேலை. திடீரென்று பிரகாசமானதா என்று பார்ப்பது ஒரு வழி. நிறம் இன்னொரு வழி. ஐரோப்பாவின் கையா விண்கலம் கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் தூரத்தையும் நிறத்தையும் அளந்தது. அந்தத் தரவிலிருந்து மட்டும் சுமார் 3,59,000 வெண் குறுமீன்களை வானியலாளர்கள் பட்டியலிட்டிருக்கிறார்கள். வாயுவை உறிஞ்சும் ஜோடி என்றால், இந்தக் கூட்டத்துக்கும் சாதாரண நட்சத்திரக் கூட்டத்துக்கும் நடுவில், கொஞ்சம் நீலமாக நிற்கும். எக்ஸ் கதிர் வீசுகிறதா என்றும் பார்க்கலாம். கடைசியில் நிறமாலை எடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். சுழலும் தட்டின் ஒரு பக்கம் நம்மை நோக்கி வரும், இன்னொரு பக்கம் விலகிப் போகும். அதனால் ஹைட்ரஜன் கோடு இரட்டைக் கொம்பாகப் பிரிந்து தெரியும்.

துடிப்பைத் தேடுவதும் ஒரு வழி. 2019-ல் சுவிக்கி தரவிலிருந்து இப்படிச் சிக்கியதுதான் ஒன்றையொன்று 6.91 நிமிடத்தில் சுற்றும் இரண்டு வெண் குறுமீன்கள். ஒரு பாட்டு கேட்டு முடித்து இன்னொன்றைப் போடுவதற்குள் ஒரு ஆண்டு முடிந்துவிடுகிறது அங்கே! அந்த மொத்த ஜோடியும் சனி கிரகத்துக்குள் அடங்கிவிடும். இதைவிட வேகமான ஹெச்.எம். கான்கிரி என்ற ஜோடி 5.4 நிமிடத்தில் சுற்றுகிறது.

இப்படிப்பட்ட ஜோடிகள் ஈர்ப்பு அலைகளையும் வீசுகின்றன. மகாராஷ்டிராவின் ஹிங்கோலியில் வரவிருக்கும் லிகோ இந்தியாவுக்கு அவை கேட்காது. அது நொடிக்குப் பல முறை அதிரும் அலைகளுக்கான காது. நிமிடக் கணக்கில் அதிரும் அலைகளைக் கேட்க விண்வெளிக்குத்தான் போக வேண்டும். ஐரோப்பிய விண்வெளி முகமை 2024 ஜனவரியில் ஒப்புதல் கொடுத்த லிசா திட்டம் அதற்குத்தான். 2035-ல் ஏவ இலக்கு. அதற்குள் எந்த ஜோடி எங்கே இருக்கிறது என்ற பட்டியல் தயாராக வேண்டும். இப்போது நடக்கும் தேடலுக்கு அவசரம் கூடியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட் விண்கலத்துக்கும் இதில் பங்கு உண்டு. கடக ராசியில் இருக்கும் எம் 67 என்ற நட்சத்திரக் கூட்டத்தில், வயதுக்கு மீறிய இளமையோடு ஒளிரும் சில நட்சத்திரங்கள் உண்டு. பக்கத்தில் இருந்த நட்சத்திரத்தை உறிஞ்சித்தான் அந்த இளமை வந்தது என்ற சந்தேகம் நீண்ட நாளாக இருந்தது. இந்திய வான் இயற்பியல் மையத்தின் அன்னபூரணி சுப்பிரமணியம் குழுவினர் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், அப்படி ஒரு நட்சத்திரத்தின் பக்கத்தில் வெண் குறுமீன் இருப்பது புற ஊதாக் கதிரில் தெரிந்தது. இங்கே உறிஞ்சப்பட்டு, வெறும் கருவாக மிஞ்சியதுதான் அந்த வெண் குறுமீன்.

அப்புறம் எதற்கு அமெச்சூர்கள்?

சுவாரசியமான முரண் இங்கேதான். யு ஸ்கார்ப்பி வெடித்தால், அந்த ராட்சத கேமராக்களுக்கு அது மங்கல் அல்ல, மிதமிஞ்சிய வெளிச்சம். ரூபின், சுவிக்கி இரண்டுமே மங்கலான பொருட்களைப் பிடிக்கச் செய்யப்பட்டவை. ஏழாம் எட்டாம் படியில் ஒளிரும் ஒரு நட்சத்திரம் அவற்றின் படத்தில் வெந்துபோன வெள்ளைத் திட்டாகத்தான் விழும், அளக்க முடியாது. இருட்டு அறையிலிருந்து வெயிலுக்கு வந்தால் கண் கூசுமே, அது மாதிரி.

இன்னொன்று, வேகம். அறியப்பட்ட நோவாக்களில் மிக வேகமானவற்றில் யு ஸ்கார்ப்பி ஒன்று. சில மணி நேரத்தில் உச்சிக்குப் போய்விடும். மூன்று நாளுக்குள் மூன்று படி, அதாவது சுமார் 16 மடங்கு மங்கிவிடும். சில இரவுகளுக்கு ஒருமுறை வரும் கேமரா அடுத்த முறை எட்டிப் பார்ப்பதற்குள் முக்கியமான கட்டம் முடிந்திருக்கும்.

2010 வெடிப்பு இதற்கு நல்ல உதாரணம். அமெரிக்க வானியலாளர் பிராட்லி ஷேஃபர், பழைய வெடிப்புகளின் இடைவெளியை வைத்து, 2009-ஐ ஒட்டி, ஒரு ஆண்டு முன்பின்னாக வெடிக்கும் என்று முன்பே அறிவித்தார். உலகம் முழுக்க அமெச்சூர்கள் முறைவைத்துக் காத்திருந்தார்கள். 2010 ஜனவரி 28 விடியற்காலையில், புளோரிடாவில் இரண்டு பேர் தனித்தனியாக அதைப் பிடித்தார்கள். அவர்கள் சொன்ன சில மணி நேரத்திலேயே பெரிய தொலைநோக்கிகள் அந்தப் பக்கம் திரும்பின. 2022 ஜூன் 6-ல் பிடித்தவர் ஜப்பானில் ஒரு அமெச்சூர்.

நடுவில் 2016-லும் ஒரு வெடிப்பு நடந்து, யார் கண்ணிலும் படாமல் போயிருக்கலாம் என்று ஷேஃபரின் பின்னாளைய ஆய்வு ஒன்று சொல்கிறது. அது சரி என்றால் இடைவெளி ஆறு ஆண்டாகக்கூடச் சுருங்கலாம், அடுத்த வெடிப்பு 2030 வரை காத்திருக்காது.

கேமரா பார்த்ததைச் சலிக்கவும் ஆள் தேவைப்படுகிறது. கோட்டோ என்ற தொலைநோக்கித் தொகுப்பு ஸ்பெயினின் லா பால்மா தீவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கிறது. அதன் படங்களை மொபைலிலேயே பார்த்து, "இது நிஜமான புள்ளியா, கேமராவின் கோளாறா" என்று சொல்லும் வேலையைப் பொதுமக்களிடம் கொடுத்திருக்கிறார்கள். 2024 அக்டோபரில், இரண்டு நாளில் சுமார் 2,500 மடங்கு பிரகாசமான ஒரு வெண் குறுமீன் ஜோடியைச் சுட்டிக்காட்டியது அப்படி மொபைலில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தான்.

சரி, மதுரைக்கு வருவோம்

மெட்ராஸ் வானாய்வகம் இன்று இல்லை. 1870-களின் கொடும் பஞ்சத்துக்குப் பிறகு, சூரியனைப் படித்தால் மழையைக் கணிக்க முடியுமா என்ற கேள்வி அரசாங்கத்துக்கு வந்தது. சூரியனுக்கென்று மலைமேல் ஓர் ஆய்வகம் வேண்டும் என்று முடிவாகி, தேர்வான இடம் கோடைக்கானல். 1899-ல் வானியல் வேலை மொத்தமும் அங்கே போனது. அன்றைக்குக் கோடைக்கானல் மதுரை மாவட்டம். 1985-ல்தான் திண்டுக்கல் மாவட்டம் பிரிந்தது. ஆக, போக்சனும் ரகுநாதாச்சாரியும் வேலை பார்த்த ஆய்வகத்தின் வாரிசு வந்து சேர்ந்தது மதுரைச் சீமைக்குத்தான். ஆனால் பகலில் சூரியனைப் பார்க்க. கோடைக்கானலில் எடுத்த சூரியப் படங்கள் நூறாண்டுக்கு மேற்பட்ட தொடர், உலகில் அரிதான சொத்து. அதற்கு ஈடாக, இரவு நட்சத்திரங்களை முறைவைத்துப் பார்க்கும் வழக்கம் தெற்கே கிட்டத்தட்ட நின்றே போனது.

1960-களின் கடைசியில் வைணு பாப்பு ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் அது மறுபடி உயிர்பெற்றது. 1999-ல் யு ஸ்கார்ப்பி வெடித்தபோது, காவலூரில் நிறமாலை எடுத்து ஆராய்ந்தவர்களில் ஒருவர் ஜி.சி.அனுபமா. 136 ஆண்டு கழித்து, அதே நட்சத்திரம், மறுபடியும் தமிழ்நாட்டிலிருந்து.

இப்போது லடாக்கின் ஹான்லேவில் 70 சென்டிமீட்டர் அகல குரோத் இந்தியா தொலைநோக்கி தானாகவே இயங்குகிறது. 2018-ல் வேலையைத் தொடங்கியதும் அது முதலில் பார்த்தவற்றில் ஒன்று நோவா. குரோத் திட்டத்தின் யோசனையே, பூமி சுற்றும்போது ஓரிடத்தில் விடிந்தால் அடுத்த இடம் பார்வையைத் தொடர வேண்டும் என்பதுதான், தொடர் ஓட்டத்தில் குச்சியைக் கைமாற்றுவது போல. ஹவாய், சிலி, தென்னாப்பிரிக்கா என்று முழு வானத்தையும் அலசும் சிறிய கேமராத் திட்டங்கள் பலவற்றுக்கு நிலையங்கள் உண்டு. நடுவில் இந்தியப் பெருங்கடலையொட்டிய பெரிய இடைவெளி. ஜப்பானில் மேகம் என்றால், அடுத்த சில மணி நேரம் பார்க்க வாய்ப்புள்ள பகுதி நம்முடையது.

மதுரைக்கு இருக்கும் முதல் சாதகம் அட்சரேகை. சுமார் 10 பாகை வடக்கில் இருப்பதால், வட துருவத்தையும் தென் துருவத்தையும் ஒட்டிய சிறு பகுதிகளைத் தவிர ஏறக்குறைய முழு வானமும் ஆண்டுக்குள் தலைக்கு மேல் வந்து போகும். பாலோமருக்குத் தெற்கு வானத்தின் ஒரு பகுதி தெரியாது. சிலிக்கு வடக்கு வானத்தின் ஒரு பகுதி தெரியாது. மதுரைக்கு இரண்டும் தெரியும்.

இரண்டாவது சாதகம் மழை. யு ஸ்கார்ப்பி ஆண்டுதோறும் நவம்பர் கடைசி, டிசம்பரில் சூரியனுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அப்போது வெடித்தால் உலகில் யாருக்குமே தெரியாது. மதுரைச் சமவெளியில் வடகிழக்குப் பருவமழை கொட்டுவதும் ஏறக்குறைய அதே காலம்தான். எப்படியும் பார்க்க முடியாத மாதத்தில் மேகம் வந்தால் நஷ்டம் குறைவு. விருச்சிகம் நன்றாகத் தெரியும் வைகாசி, ஆனி, ஆடியில் நாட்டின் பெரும்பகுதி தென்மேற்குப் பருவமழையில் நனைந்துகொண்டிருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கும் மதுரைக்கு அப்போது மேகத் தொல்லை உண்டு, ஆனால் இடைவெளியும் கிடைக்கும்.

பாதகம் என்ன? வெளிச்சம். மாட்டுத்தாவணி, பெரியார் பேருந்து நிலையம், ரிங் ரோடு, வெள்ளை எல்.இ.டி. தெருவிளக்கு, ராத்திரி முழுக்க எரியும் கடைப் பலகைகள். ஊருக்குள் மாடியில் நின்று பைனாகுலரில் எட்டாம் படி நட்சத்திரத்தைத் தேடுவது கஷ்டம். உசிலம்பட்டி, பேரையூர், நத்தம் பக்கம் கொஞ்சம் உள்ளே போனால் வானம் வேறு மாதிரி இருக்கும். அந்தப் பகுதிகளிலும் நான்கு வழிச்சாலை விளக்குகளும் குடியிருப்பு மனைகளும் பரவி வருகின்றன. ஹான்லேவைச் சுற்றி 2022-ல் இருள் வான் காப்பகம் அறிவித்தார்கள். சமவெளியில் அந்த அளவுக்கு யாரும் கேட்கப்போவதில்லை. விளக்குக்கு மேல்பக்கம் ஒரு மூடி போட்டு, வெளிச்சத்தைத் தரைக்குத் திருப்பினாலே பாதிப் பிரச்னை குறையும். கரண்ட் பில்லும் குறையும்.

எங்கே, எப்போது பார்ப்பது?

யு ஸ்கார்ப்பி இருக்கும் இடத்துக்கு அடையாளம் ஜாதகத்திலேயே இருக்கிறது. அனுஷத்துக்கும் கேட்டைக்கும் கொஞ்சம் வடக்கே. கேட்டை சிவப்பாக, பளிச்சென்று தெரியும். சித்ரா பௌர்ணமி முடிந்து மூன்று நாள் கழித்து நிலா அனுஷத்தின் பக்கத்தில் வரும். அன்றைக்கு நிலா வெளிச்சத்தில் மங்கல் நட்சத்திரம் தெரியாது. ஆனால் இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு, நிலா விலகிய பிறகு வந்து பார்க்கலாம்.

ஜனவரி தொடக்கத்தில் இந்த நட்சத்திரம் விடியற்காலை 4 மணி வாக்கில் கிழக்கே எழும். மே தொடக்கத்தில் இரவு 8 மணிக்கே எழுந்துவிடும். மே கடைசியில் நள்ளிரவில் தெற்கே நல்ல உயரத்தில் நிற்கும். அக்டோபரில் மாலை இருட்டியதும் மேற்கே சாய்ந்துவிடும். அமைதியாக இருக்கும்போது பைனாகுலரில் அந்த இடத்தில் எதுவும் தெரியாது. ஒன்றும் தெரியவில்லை என்பதும் ஒரு பதிவுதான். 2016-ல் வெடித்ததா இல்லையா என்ற விவாதம் வந்ததற்குக் காரணமே, அந்தச் சில நாட்களில் "பார்த்தேன், ஒன்றுமில்லை" என்று எழுதிவைக்க யாரும் இல்லாததுதான். 1911-ல் தொடங்கிய அமெரிக்க மாறும் நட்சத்திர நோக்கர் சங்கம் இப்படிப்பட்ட பதிவுகளை எந்த நாட்டிலிருந்தும் இணையம் வழியே பெற்றுக்கொள்கிறது.

பைனாகுலரும் இல்லை என்றால், இன்னொரு வெண் குறுமீன் ஜோடி இருக்கிறது. டி கொரோனே போரியாலிஸ். சுவாதி நட்சத்திரத்துக்குக் கொஞ்சம் வடகிழக்கே, அரைவட்டமாக வளைந்த சிறு நட்சத்திரக் கூட்டத்தின் ஓரத்தில். 1866-லும் 1946-லும் வெடித்தது. இடைவெளி 80 ஆண்டு. எனவே 2024 முதலே உலகம் முழுக்க அதற்குக் காவல் போட்டிருக்கிறார்கள். வெடித்தால் துருவ நட்சத்திரம் அளவுக்கு ஒளிரும், மதுரைக்குள் மொட்டை மாடியில் நின்றாலே வெறும் கண்ணுக்குத் தெரியும். அதிகபட்சம் ஒரு வாரம்.